மேஜர் மெரிடியன் அன்றைக்கு ஊரில் இல்லை

எங்கள் கம்பெனியில் துக்கம் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டை விட்டு இறங்கினால் இடது பக்கம் வக்கீல்கள், வலது பக்கம் காப்பி மெஷின், இரண்டுக்கும் நடுவில் 'தேசியத் துயரம் மற்றும் இரங்கல் நெறிமுறைக் குழு'. காலை பத்து மணிக்கு முன்னால் யாருக்காவது வருத்தப்பட வேண்டியிருந்தால் முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

என் பெயர் சால் பெட்ரூட்சி. புரூக்ளின்காரன். ஏழாவது அவென்யூவில் இருக்கிற பெல்வெதர் காமிக்ஸில் முப்பத்தோரு வருஷமாகப் பலூன் போடுகிறேன். பிறந்த நாளுக்கு ஊதுகிற பலூன் இல்லை. படத்தில் ஆள் பேசினால் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம் வருமே, அது. அதற்குள் இருக்கிற எழுத்து என் கையெழுத்து. மற்ற புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எங்கள் முதல் புத்தகத்துக்கு மட்டும் கௌரவத்துக்காக என் பேனாவை வைத்திருந்தார்கள். 'தடால்', 'பூம்' எல்லாம் நான்தான். இப்போது வீட்டில் தட்டு விழுந்தால்கூட எத்தனை எழுத்து வரும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. என் பெண்டாட்டிக்கு இது பிடிப்பதில்லை.

அந்த முதல் புத்தகத்தின் நாயகர் மேஜர் மெரிடியன். பிலடெல்பியாவில் பூனை தும்மினால் அவருக்குக் கேட்கும். காப்பி ஆறுவதற்குள் பூமியை நாலு சுற்று சுற்றிவிட்டு வருவார். அவருடைய எதிரி பிரபு ஸ்கார்வாக், எந்த நாடு என்று தெரியாத நாட்டுக்காரர், ஆனால் நிச்சயமாக வெளிநாடு. ஸ்கார்வாக் நியூயார்க்கை இதுவரை நாற்பத்தோரு தடவை தரைமட்டமாக்கியிருக்கிறார். அடுத்த மாத இதழில் ஊர் பழையபடி நிற்கும். இந்த ஊரில் ஒரு குழாய் ரிப்பேருக்கு ஆள் கிடைக்க மூன்று வாரம் ஆகிறது என்பதால், எங்கள் புத்தகத்தில் பறக்கிற மனுஷனைவிடப் பெரிய கற்பனை அதுதான்.

நாற்பத்தோரு தடவை இடிந்ததில் பாதிக்கு மேல் மை போட்டவன் கெலியோ. முழுப்பெயர் ரொகேலியோ அபெயான். பென்சில்காரர் கோடு கோடாக வரைந்து கொடுப்பதன் மேல் மையால் வரைந்து உயிர் கொடுக்கிற வேலை. அதிலும் அவன் இடிபாட்டு நிபுணன். மேஜரின் முகத்துக்கு வேறு ஆள், பறக்கிற துணிக்கு வேறு ஆள். செங்கல், கம்பி, உடைந்த கண்ணாடி, எல்லாம் கெலியோ. பிலிப்பைன்ஸ்காரன், குவீன்ஸில் குடியிருந்தான். என்னைக் 'குயா' என்பான். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்தக் குழு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் செப்டம்பரில் இரண்டு கோபுரங்கள் விழுந்தபோது எங்கள் ஜன்னலிலிருந்தே புகை தெரிந்தது. என் எதிர்வீட்டுப் பையன் தீயணைப்புப் படையில் இருந்தான், திரும்பி வரவில்லை. அந்த மாதம் நாங்கள் ஒரு புத்தகம் போட்டோம். கறுப்பு அட்டை. உள்ளே மேஜர் பறக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை, மற்றவர்களோடு வரிசையில் நின்று செங்கல் தூக்கினார். பலூனே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கெலியோ மை போடும்போது தாள் இரண்டு தடவை நனைந்து வேறு தாள் எடுத்தான். அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்ல மாட்டேன்.

கிண்டல் அதற்கப்புறம். புத்தகம் ஏழு தடவை அச்சானது. ஆறாவது அச்சில் கறுப்பு அட்டை பளபளத்தது. ஏழாவதில் பிரபு ஸ்கார்வாக் இடிபாட்டின் நடுவே நின்று அழுகிற பக்கம் ஒன்றைச் சேர்த்தார்கள். இதே ஊரை நாற்பத்தோரு தடவை இடித்த மனுஷனுக்கு, வேறொருவர் இடித்ததும் மனசு தாங்கவில்லையாம். எங்கள் தலைவர் பிரெஸ்காட் வாட்லி அந்த விற்பனைத் தாளைப் பார்த்துவிட்டு, "துக்கத்துக்குன்னு நம்மகிட்ட ஒரு ஒழுங்கான ஏற்பாடே இல்லாம இருந்திருக்கே!" என்று நெஞ்சில் கை வைத்தார். அடுத்த மாதம் நான்காவது மாடியில் பெயர்ப் பலகை மாட்டினார்கள்.

குழுவுக்கு இரண்டு வேலை. முதல் வேலை, வராமைப் பதிவேடு. 'பூனைத் தும்மல் கேட்கிறவருக்கு இது எப்படிக் கேட்காமல் போனது?' என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். நியாயமான கேள்வி. அதனால் நாட்டில் ஒவ்வொரு துயரம் நடந்தபோதும் மேஜர் எங்கே போயிருந்தார் என்று பள்ளிக்கூடத்து லீவு லெட்டர் மாதிரி ஒரு காரணம் எழுதி வைத்தார்கள். மேற்கே காட்டுத் தீ: மேஜர் ஏழாவது பரிமாணத்தில் சிறையில் இருந்தார். ஒஹையோவில் சூறாவளி: மேஜருக்கு ஞாபகமறதி. டெக்ஸஸில் வெள்ளம்: அன்றைக்கு மேஜருக்குக் கல்யாணம். ஒரே காரணத்தைப் பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெளிநாட்டுத் துயரங்களுக்குக் காரணம் எழுதத் தேவையில்லை. ஏன் என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தது: 'யாரும் கேட்கவில்லை.'

இரண்டாவது வேலை, கண்ணீர் அளவு. சுவரில் ஒரு உலகப் படம். எங்கள் கட்டடத்தின் மேல் குண்டூசி குத்தி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். முதல் வட்டத்துக்குள் நடந்தால் மேஜருக்கு இரண்டு கண்ணீர், முழு முகம். இரண்டாவது வட்டம், ஒரு கண்ணீர், பக்கவாட்டு முகம். இங்கிலாந்துக்குக் கண் கலங்கல். நேச நாடுகளுக்குத் தலை குனிவு. அதற்கு வெளியே இருந்த அத்தனை கண்டங்களுக்கும் சேர்த்து ஒரே வரி: 'அந்தத் திசையில் ஒரு கணம் பார்ப்பார்.'

இப்படியே ஐந்து வருஷம் போனது. ஒரு ஜூலையில் கெலியோ இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து செங்கல் வரைய ஆரம்பித்தான்.

"என்னய்யா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்றேன்.

"ஊரு போயிடுச்சு குயா."

"எந்த ஊரு?"

"எங்க ஊருதான். தலிசாயோன். புயல்ல கடல் உள்ள வந்திடுச்சு. நாப்பத்தேழு பேரு. எங்கக்கா சியோனியும்."

சியோனி அவனைத் தூக்கி வளர்த்தவள். அவனைப் படிக்க வைத்தவள். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை, ஆனால் கிறிஸ்துமஸுக்கு எனக்கும் சேர்த்து உலர்ந்த மாம்பழம் அனுப்புவாள்.

கெலியோ பையிலிருந்து பத்திரிகையை எடுத்துக் காட்டினான். பத்தொன்பதாம் பக்கத்தில், மெத்தை விளம்பரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரி. 'கடலோரக் குடியிருப்பு ஒன்றில் உயிர்ச்சேதம் இருக்கலாம் என அஞ்சப்படுகிறது.'

"ஊர் பேருகூடப் போடல, பாருங்க. ஆளுங்க பேரு கேக்கவே வேணாம்."

"பாவிங்க."

"அக்கா சாப்பாட்டுக் கடை வெச்சிருந்தா குயா. நான் அனுப்பற புஸ்தகத்தையெல்லாம் கிழிச்சுச் செவுத்துல ஒட்டி வெப்பா. சாப்பிட வரவங்க மேஜரைப் பாத்தா, 'அங்க என்ன பாக்கற, இங்க பாரு'ன்னு கீழ கெடக்கற செங்கலக் காட்டுவா. 'இது எந்தம்பி போட்ட செங்கல்'னு." அவன் பேனாவைத் துடைத்தான். "நம்ம புஸ்தகத்துல எனக்கு ஒரே ஒரு பக்கம் வேணும் குயா. பறக்கறது கிறக்கறது எதுவும் வேணாம். நாப்பத்தேழு பேரு பேரையும் போடணும். எங்கயாவது அச்சுல இருக்கணும். குடுப்பாங்களா?"

"குடுக்காம? அஞ்சு வருஷமா அதுக்குன்னே ஒரு மாடி வெச்சிருக்காங்க" என்றேன். முப்பத்தோரு வருஷ அனுபவமுள்ளவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

குழுவின் செயலாளர் காண்டஸ் ஓர்பாக். நல்ல பெண்மணி, அதைச் சொல்லிவிட வேண்டும். மேஜையில் டிஷ்யூ பெட்டி வைத்திருந்தாள். பார்வையாளருக்கு நாலு தாள், ஊழியருக்கு இரண்டு. கெலியோவுக்கு இரண்டைக் கொடுத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். துணைக்கு நானும் உட்கார்ந்திருந்தேன்.

"தூரம் எவ்வளவு, மிஸ்டர் அபெயான்?"

"எட்டாயிரத்துச் சொச்சம் மைல் மேடம்."

"அடடா! இந்தப் புயல் கொஞ்சம் பக்கத்துல எங்கயாவது போச்சா?"

"இல்லீங்க."

"இறந்தவங்கள்ல அமெரிக்கர் எத்தனை பேரு?"

"யாருமில்லீங்க."

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. சுற்றுலா வந்தவர்? பாதிரியார்? பட்டாம்பூச்சி ஆராய்ச்சிக்கு வந்த மாணவர்?"

கெலியோ பாவம், நிஜமாகவே யோசித்தான். "பெபாங்னு ஒரு அத்தை. அமெரிக்கா வரணும்னு மனு போட்டுப் பதினாறு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தாங்க."

காண்டஸின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று கட்டத்தில் புள்ளி நாலு என்று எழுதினாள். "சரி, இடிஞ்சதுல பார்க்க எடுப்பா ஏதாவது உண்டா? மணிக்கூண்டு, சிலை, பாலம்?"

"கோழிச்சண்டைக் கொட்டகை ஒண்ணு இருந்துச்சு."

"விழறப்ப நல்லா இருந்திருக்குமா?"

"அது ஏற்கெனவே சாஞ்சுதாங்க இருந்துச்சு."

நூற்றுக்கு அறுபது வாங்கினால் தேறும். தலிசாயோன் பதினொன்றே புள்ளி நாலு வாங்கியது. அந்த மதிப்பெண்ணுக்கு மேஜர் ஒரு கணம் பார்ப்பார். "எந்தத் திசையில பார்க்கணும்?" என்று காண்டஸ் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள். இங்கிருந்து கிழக்காகவும் போகலாம், மேற்காகவும் போகலாம் என்றான் கெலியோ. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் வாட்லிக்கு ஒரு கடிதம் வந்தது. பதிப்பாளர் சங்கம் அந்த வருஷம் 'பன்னாட்டுப் பரிவு' என்று புதிதாக ஒரு விருது வைத்திருந்தது. பரிவு காட்டிய கம்பெனி எதுவும் இல்லாததால் போட்டிக்கு ஒரு விண்ணப்பம்கூடப் போகவில்லை. வாட்லி லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி நாலாவது மாடிக்கு ஓடினாராம். ஒரு பக்கம் கேட்ட கெலியோவுக்கு எட்டுப் பக்கம் கிடைத்தது. கெலியோ என்னைக் கட்டிக்கொண்டான். கேட்டதற்கு மேல் அந்தக் கம்பெனி யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கூட்டத்தில் வாட்லி எழுந்து நின்று பேசினார். "மிஸ்டர் அபெயான், உங்க துக்கம் எங்க துக்கம். அதனாலதான் அதுல கொஞ்சம் மாத்தற உரிமையை எடுத்துக்கறோம். உலகத்துல எந்த மூலையில மனுஷன் அழுதாலும் பெல்வெதர் காமிக்ஸுக்குக் கேக்கும். என்ன சொல்லி அழறான்னு நாங்க கேக்கறதில்ல, அது அவங்களோட சொந்த விஷயம். இப்ப எங்களுக்கு இருக்கற ஒரே சங்கடம் புயல். புயல் ஒரு மட்டமான வில்லன். முகம் இல்ல, வசனம் இல்ல, அடுத்த தடவை வந்தா வேற பேர்ல வரும். பொம்மை பண்ணி விக்க முடியாது. அதனால இந்தப் புயலை ஸ்கார்வாக் ஒரு மெஷினை வெச்சு அனுப்பறார்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வக்கீல் கையைத் தூக்கினார். "உண்மையான ஊர்ப் பேரைப் போட முடியாது. அந்த ஊர் ஆட்சேபிக்கும்."

"ஊரே இல்லீங்களே சார்" என்றான் கெலியோ.

"அப்ப வாரிசுகள் ஆட்சேபிப்பாங்க."

"வாரிசு நான்தாங்க."

வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாளில் 'வழக்குப் போட வாய்ப்புள்ளவர்' என்று எழுதிக்கொண்டார். ஊருக்கு 'சான் பொம்பாடோ குடியரசு' என்று பெயர் வைத்தார்கள். எந்தச் சமுத்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்டேன். இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே என்றார்கள்.

அடுத்த சிக்கல் மேஜர். அவர் வராவிட்டால் வெளிநாட்டுக்காரர்களை அவர் கண்டுகொள்வதில்லை என்று ஆகிவிடும், விருது போய்விடும். எனவே வருகிறார். வந்து, அலையைக் கையால் தடுத்து, சமுத்திரத்தை ஊதிப் பின்னால் தள்ளுகிறார்.

கெலியோ எழுந்தான். "சார், அவர் அப்படி வந்துட்டா யாருமே சாக மாட்டாங்களே?"

"அதுதானேய்யா இதோட அழகு!" என்ற வாட்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"செத்தவங்களுக்காகத்தானே சார் இந்தப் புஸ்தகம்?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் எல்லாருக்கும் சம்மதமாக ஒரு முடிவு வந்தது: மேஜர் வருகிறார், ஆனால் தாமதமாக. வந்து, அங்கே மாட்டிக்கொண்ட ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரியைக் காப்பாற்றுகிறார். பிறகு கடலைப் பார்த்து நிற்கிறார். ஸ்கார்வாக் அழுகிறார். ஊர் ஜனங்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

பென்சில்காரருக்கு மாதிரிப் படங்கள் தேவைப்பட்டன. எங்கள் மாதிரிப்பட அறையில் நியூயார்க்குக்கு முப்பத்தாறு அலமாரி உண்டு. தீயணைப்புக் குழாய்க்கே தனியாக இரண்டு. 'வெளிநாடு' என்று ஒரே ஒரு இழுப்பறை. அதில் என்னென்ன இருந்ததோ அதெல்லாம் படத்தில் வந்தது. கள்ளிச்செடி, எரிமலை, புத்தர் கோயில், பெரிய விளிம்பு வைத்த தொப்பி, ஓரத்தில் பனிமலை. கெலியோ முதல் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"குயா, எங்க ஊர்ல ஒட்டகம் கெடையாதே?"

"ஒட்டகம் இல்லய்யா, அது லாமா. தென் அமெரிக்க மிருகம்."

"லாமாவும் கெடையாது குயா."

"தெரியும்டா தம்பி. மை போடு."

போட்டான். அந்த லாமாவின் ஒவ்வொரு மயிருக்கும் ஒழுங்காக மை போட்டான். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எட்டுப் பக்கமும் மை காய்ந்து என் மேஜைக்கு வந்தது. பலூன் போடுவதுதான் கடைசி வேலை. பத்திரிகைக்காரிக்கு இருபது பலூன், மேஜருக்குப் பதினாறு. ஓடுகிற ஜனங்களுக்கு முப்பத்தெட்டு சின்னப் பலூன். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கதைத் தாளில் இல்லை. 'கூட்டம் (வெளிநாட்டுச் சத்தம்)' என்று இருந்தது. இதற்குக் கம்பெனியில் விதி உண்டு, பதினாலாவது விதி: 'வெளிநாட்டுக் கூட்டத்தின் பேச்சு பொருளற்ற எழுத்துகளாக இருக்க வேண்டும். வாசகருக்குப் புரியக் கூடாது. எழுதுகிறவருக்கும் புரியாமல் இருப்பது நல்லது.' முப்பத்தோரு வருஷமாக நானும் வாய்க்கு வந்ததைக் கிறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்து அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

"கெலியோ, இங்க வா. உங்க ஊர்ல ஆளுங்களை எப்படிக் கூப்பிடுவீங்க? ஞானஸ்நானப் பேரு சொல்லியா?"

"அது சர்ச்சு நோட்டுல மட்டும்தான் குயா. தெருவுல எல்லாருக்கும் செல்லப் பேருதான். டிங்டிங், ஜுன்ஜுன், டிகோய்..."

"மெதுவாச் சொல்லு. ஒண்ணொண்ணா."

நான் முதல் பலூனுக்கு மேல் பேனாவை வைத்திருந்தேன். அவன் பலூனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"வேணாம் குயா. வேலை போயிடும்."

"போனாப் போவுது. எத்தனை நாளைக்கு இந்த லாமாவோட குப்பை கொட்டறது? சொல்லுய்யா."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சொல்ல ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டான். யார் யாருக்குப் பக்கத்தில் என்று வீடு வீடாக யோசித்தான். "டிங்டிங்கும் ஜுன்ஜுன்னும் அண்ணந்தம்பி, ஒண்ணாப் போடுங்க. டிகோயும் லூலூவும் அடுத்தடுத்த வீடு, ஆனா வேலித் தகராறு, பன்னெண்டு வருஷமாப் பேச்சு கெடையாது. தள்ளித் தள்ளிப் போடுங்க குயா, இல்லேன்னா லூலூ சும்மா விடாது." நான் டிகோயை எரிமலை ஓரம் போட்டேன், லூலூவைப் புத்தர் கோயில் வாசலில் போட்டேன்.

"அக்காவை எங்க போட?"

ரொம்ப நேரம் எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "லாமாகிட்ட வேணாம்" என்றான். பிறகு கடைசிப் பக்கத்தில், ஒரு மூலையில் விரலை வைத்தான். இடிந்த சுவர் ஒன்று இருந்தது. "இங்க. செங்கல்கிட்ட."

சியோனி என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஒரு பெயரை எழுதியதில்லை. முப்பத்தெட்டுப் பலூனும் முடிந்துவிட்டது. ஒன்பது பேருக்கு இடம் இல்லை. கெலியோ அந்த ஒன்பது பேரையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இனிமேல்தான் கண்டம். எங்கள் கம்பெனியில் ஒரு சடங்கு உண்டு. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் வியாழக்கிழமை குழு முழுவதும் எழுந்து நின்று, சுவரில் பெரிதாகத் தெரிகிற ஒவ்வொரு பலூனையும் உரக்கப் படிக்க வேண்டும். பிள்ளைகள் உரக்கப் படிப்பார்களாம், அதனால். வாட்லிதான் எப்போதும் மேஜர். பத்திரிகைக்காரிக்குக் காண்டஸ். மற்ற பத்துப் பேரும் கூட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வக்கீலும் அதில் ஒருவர். நானும் கெலியோவும் கதவோரம் நின்றோம்.

கணக்குப் பிரிவு ஆள் கையை வாயருகே குவித்துக்கொண்டு, "டிங்டிங்!" என்று கூவினார்.

"ஜுன்ஜுன்!" என்றார் விளம்பரப் பிரிவு.

வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வழக்கு வருமா என்று பார்க்கிறவர் மாதிரி மூன்று தடவை நிதானமாகச் சொன்னார். "பெபாங். பெபாங். பெபாங்."

கெலியோ தொப்பியைக் கழற்றினான். ஒவ்வொரு பெயருக்கும் அவன் உதடு அசைந்தது. அவர்கள் டை கட்டிக்கொண்டு எழுந்து நின்று, தலிசாயோன் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

கூட்டத்தின் உற்சாகத்தைப் பார்த்து வாட்லிக்கு மேஜராக நிற்கப் பொறுக்கவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் அவரும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டு இரண்டு கையையும் விரித்து, "சியோனி!" என்றார். "போதாது! எல்லாரும் சேர்ந்து, உணர்ச்சியோட!"

பன்னிரண்டு பேரும் கையை விரித்தார்கள். "சியோனி!"

வாட்லி திரும்பிப் பார்த்தார். "அவர் ஏன் அழறார்?"

"மை நெடி சார்" என்றேன்.

"அந்த மையை உடனே மாத்துங்க" என்று உத்தரவு போட்டார். அந்தக் கட்டடத்தில் கெலியோவுக்குக் கிடைத்த ஒரே நிவாரணம் அதுதான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். என் தோளில் தட்டினார். "சால், முப்பது வருஷத்துல நீ எழுதின உளறல்லயே இதுதான்யா உச்சம்! அர்த்தம் ஒரு துளி இல்ல. ஆனா கேக்கறப்ப இங்க என்னமோ பண்ணுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இனிமே நம்ம புத்தகத்துல வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் இதைத்தான் பேசணும். விதியில சேருங்க."

"செவ்வாய் கிரகத்துக்காரங்க?" என்று கேட்டுக்கொண்டே காண்டஸ் எழுதினாள்.

"செவ்வாய் மட்டும் என்ன உள்நாடா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. புத்தகம் வந்தது, விருதும் வந்தது. விழா மேடையில் வாட்லி, சான் பொம்பாடோவின் வீர மக்களுக்கு நன்றி சொன்னார். அப்படி ஒரு நாடு இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் முன்னால் வைத்த பெயர்தான் அது என்பது அவருக்கே மறந்துவிட்டது.

அந்த வாரம் ஜெர்சி சிட்டியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். பலூன் எழுதினவரிடம் பேச வேண்டுமாம்.

"மூணாம் பக்கத்துல, எரிமலைக்குக் கீழ டிகோய்னு இருக்குதே. அது யாருங்க போட்டது? அது எங்கப்பா."

நான் போனைக் கெலியோவிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் அவர்கள் பாஷையில் பேசினார்கள். எனக்குப் பெயர்கள் மட்டும் புரிந்தன. இடையில் ஒரு தடவை கெலியோ சிரித்தான். போனை வைத்ததும், "லூலூவத் தள்ளிப் போட்டதுக்கு உங்களுக்கு ஸ்பெஷலா நன்றி சொல்லச் சொன்னா குயா" என்றான்.

பிறகு மாதாமாதம் வந்தது. டிசம்பரில் செவ்வாய் கிரகத்துப் புழுக்கள் ஜுன்ஜுன் என்று கத்திக்கொண்டு ஓடின. ஜனவரியில் ஸ்கார்வாக்கின் சொந்த நாட்டுப் படைவீரர்கள் பெபாங் என்று முழங்கிக்கொண்டு நியூயார்க்குக்குள் நுழைந்தார்கள். இதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கெலியோ இரண்டையும் செய்தான். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி வாங்கி ஊருக்கு அனுப்பினான். அங்கே புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையில் மிச்சமிருந்தவர்கள் அதை ஒட்டி வைத்தார்களாம்.

பிப்ரவரியில் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து நின்றான்.

"குயா, அடுத்த மாசம் எந்த ஊரு அழியுது?"

"கடலுக்கடியில ஒரு ராஜ்யம். மீன் மூஞ்சிக்காரங்க."

"கூட்டத்துக்கு எத்தன பலூன்?"

எண்ணிப் பார்த்தேன். "பதினொண்ணு."

சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தான். ஒன்பது பெயர். அவற்றுக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் இன்னும் இரண்டு.

"இது யாருய்யா?"

"பக்கத்து ஊர்லயும் கேக்கறாங்க குயா."